வெட்டாத ரிப்பன்

"அம்மா...!"

அந்த அலறலில் தொகுதி அலுவலகமே ஒரு கணம் உறைந்தது.

மனு கொடுக்க வரிசையில் நின்றவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். நாற்காலிகள் உருண்டன. மேஜை விளிம்பில் இருந்த டீ கிளாஸ் கீழே விழுந்து சில்லு சில்லாகச் சிதறியது.

மேஜைக்குப் பின்னால், வலது கையை உதறிக்கொண்டு நின்றார் கண்டக்டரம்மா.

மேஜையின்மேல் அவருடைய பழைய தோல் பை.

பையின் வாயிலிருந்து... வழவழவென்று... ஒரு நல்ல பாம்பு இறங்கிக்கொண்டிருந்தது!

கண்டக்டரம்மாவைத் தெரியாதவர்கள் ஆற்றுக்கு இந்தப் பக்கம் யாரும் கிடையாது. இப்போது சட்டசபை உறுப்பினர். அதற்கு முன்னால் பஸ் கண்டக்டர். இந்தப் பக்கத்திலிருந்து பாலம் தாண்டி சிட்டிக்குப் போகிற ஒரே பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர். ஜெயித்து சபைக்குப் போன பிறகும் அந்தத் தோல் பையை மட்டும் தோளிலிருந்து இறக்கவில்லை. உள்ளே சில்லறைக்குப் பதிலாக மூக்குக் கண்ணாடி, பிரஷர் மாத்திரை, அப்புறம் ஒரு விசில்.

மனு கொடுக்க வருகிறவர்கள் கூச்சல் போட்டால் விசிலை எடுத்து ஓர் ஊது ஊதுவார். கப்சிப்!

அன்று காலையும் அந்த விசிலுக்காகத்தான் பைக்குள் கையை விட்டார்.

முதலில் ஓடி வந்து அவரைத் தாங்கியவர் அவருடைய கொழுந்தன். கணவரின் தம்பி. அவர்தான் பி.ஏ. அண்ணியின் மீட்டிங், அண்ணியின் மாத்திரை, அண்ணியின் செல்போன் எல்லாம் அவர் பொறுப்பு. தினமும் காலையில் அந்தத் தோல் பையை வீட்டிலிருந்து கொண்டுவந்து மேஜையில் வைப்பதும் அவர்தான்.

"அண்ணி, கையை ஆட்டாதீங்க... கீழ தொங்கப் போடுங்க. ஒண்ணும் ஆகாது. நான் இருக்கேன்ல?"

யாரோ குப்பைக் கூடையைக் கவிழ்த்துப் பாம்பை மூடினார்கள். யாரோ கூடையின்மேல் கல்லை வைத்தார்கள்.

கண்டக்டரம்மா பாம்பைப் பார்க்கவில்லை. பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பைக்குக் கொக்கி... யாரு போட்டது?"

அந்தச் சந்தடியில் அது யார் காதிலும் விழவில்லை. டிரைவரண்ணன் காதில் மட்டும் விழுந்தது. அந்தக் காலத்தில் அவர் ஓட்டிய பஸ்ஸில்தான் கண்டக்டரம்மா விசில் ஊதினார். இப்போது அவருடைய காரை ஓட்டுகிறார். ஒரு கண்டக்டர் பையைப் பற்றி அவருக்குத் தெரியாதா என்ன? ஸ்டாப்புக்கு ஸ்டாப் கை உள்ளே போகும், வெளியே வரும். எந்தக் கண்டக்டரும் பைக்குக் கொக்கி மாட்டுவதில்லை. கண்டக்டரம்மாவின் பையில் கொக்கி இருப்பதே பலருக்குத் தெரியாது.

இன்று அது மாட்டியிருந்தது. உள்ளே இருந்தது வெளியே வந்துவிடக் கூடாது என்று யாரோ மாட்டியிருந்தார்கள்!

கண்டக்டரம்மாவின் இமைகள் சரியத் தொடங்கின. நாக்கு குழறியது.

"அண்ணே, நிக்காதீங்க. காரை நேரா சிட்டிக்கு விடுங்க," என்று டிரைவரண்ணனைப் பிடித்துத் தள்ளினார் கொழுந்தன். "பெரிய டாக்டருக்கு நான் போன் பண்ணி எல்லாத்தையும் ரெடியா வைக்கச் சொல்றேன். பைக்ல பின்னாடியே வரேன். போங்க!"

வரிசையில் கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

டிரைவரண்ணன் அவரை ஒரு பார்வை பார்த்தார்.

அவர் வாயை மூடிக்கொண்டார்.

கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பறந்தது.

* * *

பக்கத்தில் ஆஸ்பத்திரி இல்லையா, பாம்பு கடித்தவரை எதற்குச் சிட்டி வரைக்கும் இழுத்தடிக்க வேண்டும் என்று கேட்கிறீர்களா?

இருக்கிறது. அதுதான் வயிற்றெரிச்சல்!

அலுவலக ஜன்னலைத் திறந்தாலே தெரியும். வெள்ளை வெளேரென்று புதுக் கட்டடம். கட்டில்கள், ஆக்சிஜன் குழாய்கள், பிரசவ அறை, மருந்து வைக்கிற பெரிய ஃபிரிட்ஜ்... எல்லாம் வந்து இறங்கிவிட்டன. ஒரு டாக்டரைக்கூடப் போட்டுவிட்டார்கள். இல்லாதது ஒன்றே ஒன்றுதான். அமைச்சரின் தேதி.

அமைச்சர் வந்து ரிப்பன் வெட்ட வேண்டும். வெட்டினால்தான் ஆஸ்பத்திரி. வெட்டாத வரை அது வெறும் செங்கல்.

முன்வாசல் கண்ணாடிக் கதவுக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டினார்கள். வெயிலில் வெளுத்துப்போனதும் வேறு ரிப்பன் கட்டினார்கள். அதுவும் வெளுத்தது. மறுபடி புதுசு. காய்ச்சலுக்கு ஊசி போட ஏற்பாடு இல்லாத ஊரில் ரிப்பன் மாற்றுவதற்கு மட்டும் சம்பளத்துக்கு ஓர் ஆள்!

அமைச்சருக்கு ஏன் தேதி கிடைக்கவில்லை?

சிட்டியில் பெரிய டாக்டர் என்று ஒருவர். சொந்தமாகப் பல மாடி ஆஸ்பத்திரி. ஆற்றுக்கு இந்தப் பக்கம் எவனுக்கு மூச்சு முட்டினாலும், எவளுக்கு இடுப்பு வலி கண்டாலும் பாலம் தாண்டி அவரிடம்தான் போயாக வேண்டும். இங்கே ஓர் ஆஸ்பத்திரி திறந்தால் அங்கே பாதிக் கட்டில் காலி. பெரிய டாக்டரும் அமைச்சரும் ஒரே தட்டில் சாப்பிடுகிறவர்கள். இப்போது புரிகிறதா, தேதி எங்கே தொலைந்தது என்று?

கண்டக்டரம்மா சபையில் கத்தினார். மைக்கைப் பிடுங்கினார்கள். மைக் இல்லாமல் கத்தினார். உட்காரச் சொன்னார்கள். பைக்குள் கையை விட்டு விசிலை எடுத்து ஊதினார். சபை ஆடிப்போய்விட்டது. அவரை வெளியே தூக்கிக்கொண்டு போனார்கள். தூக்கிக்கொண்டு போனபோதும் ஊதிக்கொண்டேதான் போனார்.

அந்தக் கோபம் அரசியலில் வந்ததல்ல. பஸ்ஸில் வந்தது.

அவருடைய ஓரகத்தி. அதாவது இந்தக் கொழுந்தனின் மனைவி. பிரசவ வலியோடு பஸ்ஸில் ஏற்றினார்கள். பாலத்தில் ஒரு மாட்டு வண்டி அச்சு முறிந்து நின்றது. பஸ் நகரவில்லை. டிக்கெட் பையைத் தலைக்குக் கொடுத்து, கண்டக்டரம்மாவின் மடியிலேயே தாயும் பிள்ளையும் போய்ச் சேர்ந்தார்கள்.

மறுநாள் வேலையை விட்டார். அடுத்த தேர்தலில் நின்றார். மேடைக்கு மேடை கொழுந்தன்தான் அந்தக் கதையைச் சொல்லி அழுவார். கேட்கிறவர்களும் அழுவார்கள். ஓட்டு கொட்டியது.

* * *

அதே பாலம்.

அதன் நடுவில் இன்று ஒரு லாரி குறுக்காக நின்றது.

இரண்டு பக்கமும் வண்டிகள் ஹாரனை அமுக்கிக்கொண்டிருந்தன. இன்ஸ்பெக்டர் காலையிலிருந்து வெயிலில் காய்ந்துகொண்டிருந்தார். லாரிக்காரரோ கைப்பிடிச் சுவர் நிழலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கேட்டதற்கெல்லாம் ஒரே பதில். ரிப்பேர் சார்.

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். முன் சக்கரம் இரண்டையும் கழற்றி ஓரமாக அடுக்கி வைத்திருந்தது.

"ஏம்பா, ரெண்டு சக்கரமுமா ஒரே நேரத்துல ரிப்பேர்?"

"கஷ்டகாலம் சார்."

"பாலத்துக்கு நட்ட நடுவுலயா?"

"அதான் சொன்னேனே சார், கஷ்டகாலம்."

கிரேன் சிட்டியிலிருந்து வர வேண்டும். சாயங்காலத்துக்கு முன் வராது என்றார்கள்.

அப்போதுதான் இன்ஸ்பெக்டரின் செல்போன் அலறியது.

எடுத்தார். கேட்டார். அவர் முகம் மாறியது. லாரியைப் பார்த்தார். கழற்றிய சக்கரங்களைப் பார்த்தார். கடைசியாக லாரிக்காரரைப் பார்த்தார்.

அப்புறம் அவரை எழுப்பி ஜீப்பின் பின்சீட்டில் உட்கார வைத்தார். செல்போனை வாங்கி அணைத்துத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

* * *

கொழுந்தன் பைக்கில் பின்னாடியே போகவில்லை.

அலுவலகத்தின் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். எதிரே மேஜையில் செல்போன்.

வெயில் உச்சிக்கு ஏறியது.

மணி அடித்தது. டிரைவரண்ணன்!

"தம்பி..." அந்தப் பக்கம் குரல் கம்மியது. "அம்மா போயிட்டாங்க."

அவ்வளவுதான். லைன் கட்டாகிவிட்டது.

கொழுந்தன் கண்ணை மூடினார். நெஞ்சு நிறைய ஒரு மூச்சு இழுத்து விட்டார்.

அப்புறம் சிரித்தான்.

இதற்கு மேல் அவனுக்கு 'ர்' போட்டு எழுத என்னால் முடியாது.

அடுத்த போன் இன்ஸ்பெக்டரிடமிருந்து. பிரேதப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும், உடம்பு நாளைக்குத்தான் கிடைக்கும் என்றார். கொழுந்தன் தேம்பித் தேம்பி அழுதுவிட்டு, சட்டப்படி செய்யுங்க சார் என்றான். போனை வைத்துவிட்டு முகம் கழுவினான். வெள்ளைச் சட்டைகளில் நல்லதாக ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டான். அமைச்சருக்குச் சொல்லி அனுப்பினான்.

இத்தனை மாதம் தேதி கிடைக்காத அமைச்சர் சாயங்காலமே வந்து இறங்கினார்! ஹெலிகாப்டரில். ரோடு சரியில்லையாம். அதைச் சரி செய்ய வேண்டியதும் அவர் சார்ந்த அரசாங்கம்தான், ஆனால் அதையெல்லாம் யார் கேட்பது?

இரங்கல் கூட்டத்துக்கு இடம் பார்த்தவனும் கொழுந்தன்தான். ஆஸ்பத்திரி முன்வாசல். பின்னணியில் வெள்ளைக் கட்டடம், நடுவில் ரிப்பன், ஓரத்தில் மாலை போட்ட படம். போட்டோவுக்கு அம்சமாக இருக்கும். அவன் எப்போதும் முன்வாசல் ஆள். போட்டோ எடுக்காத பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டான்.

மைதானம் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் கட்சிக்காரர்கள் மார்பில் அடித்துக்கொண்டார்கள். அவர்களுக்குப் பின்னால் ஊர் ஜனம் நின்றது. ஏனோ ஜனம் அழவில்லை. வாயைத் திறக்காமல், அவனையே பார்த்துக்கொண்டு நின்றது.

அதிர்ச்சியில் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

மைக்கைப் பிடித்தான்.

"என் பொண்டாட்டி எங்க செத்தான்னு உங்களுக்கெல்லாம் தெரியும்..." குரல் உடைந்தது. உடைக்கப் பழகிய குரல். "அதே பாலம். இன்னிக்கு எங்க அண்ணியையும் அதே பாலம்தான் தின்னுச்சு. பாலத்து நடுவுல ஒரு லாரி... அதுக்குப் பின்னாடி எங்க அண்ணியோட கார். முன்னாடி போக வழியில்லை, பின்னாடி வரவும் வழியில்லை. நான் பைக்கைப் போட்டுட்டு ஓடினேன். கதவைத் திறந்தேன். 'தம்பி, என் ஜனத்தைப் பார்த்துக்கோ'ன்னு சொன்னாங்க. சொல்லிட்டு... என் மடியிலதான் கண்ணை மூடினாங்க."

கட்சிக்காரர்கள் கதறினார்கள்.

"அந்த லாரிக்காரனைச் சும்மா விடக் கூடாது! அவனைத் தூக்குல போடணும்!"

மைதானத்தின் ஓரத்தில் நின்ற போலீஸ் ஜீப்புக்குள் ஏதோ சத்தம் கேட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அமைச்சர் எழுந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஈடு செய்ய முடியாத இழப்பு என்றார். அண்ணியின் இடத்தை நிரப்பத் தகுந்த ஆள் இதோ நிற்கிறார் என்று கொழுந்தனின் தோளில் தட்டினார். கடைசியில் ஒன்று சொன்னார் பாருங்கள்...

மறைந்த தலைவிக்கு மரியாதை செய்யும் விதமாக ஆஸ்பத்திரித் திறப்பு விழா காலவரையறையின்றி ஒத்திவைக்கப்படுகிறதாம்!

ஆஸ்பத்திரி இல்லாமல் செத்தவருக்கு மரியாதையாக ஆஸ்பத்திரியைத் திறக்க மாட்டார்களாம். இப்படி ஒரு வாக்கியத்தை முகம் சுளிக்காமல் சொல்ல எங்கேயாவது தனியாகப் பாடம் நடத்துகிறார்களா என்று தெரியவில்லை.

அப்போதுதான் இன்ஸ்பெக்டர் மேடைப் பக்கம் நடந்து வந்தார்.

"சார், ஒரு சின்ன சந்தேகம்."

"இப்ப என்ன சார்?" என்றான் கொழுந்தன், கண்ணைத் துடைத்தபடி. "துக்கத்துல நிக்கிறேன்."

"அண்ணியோட காரை நீங்களே கண்ணால பார்த்தீங்களா?"

"பார்க்காமலா மடியில போட்டுக்கிட்டேன்? லாரிக்குப் பின்னாடி நின்னுச்சு."

"நான் காலைலேர்ந்து மத்தியானம் வரைக்கும் அந்தப் பாலத்துலதான் சார் நின்னேன். உங்களை அங்க பார்க்கலையே."

மைக் இன்னும் அவன் கையில்தான் இருந்தது. அதை அணைக்க மறந்துவிட்டான். மைதானம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது.

"கூட்டமா இருந்துச்சு... கவனிச்சிருக்க மாட்டீங்க."

"சரி, உங்களைக் கவனிக்கல. காரை எப்படி விட்டுருப்பேன்?" இன்ஸ்பெக்டர் அவனுக்குப் பக்கத்தில் வந்தார். "அந்தக் கார் பாலத்துக்கு வரவே இல்லையே சார்."

கொழுந்தன் மைக்கைக் கை மாற்றிக்கொண்டான்.

"வராம? சிட்டிக்குப் போக வேற வழி ஏது? டிரைவர்தான் போன் பண்ணி..."

"நான் என்ன சொன்னேன், தம்பி?" கூட்டத்தை விலக்கிக்கொண்டு டிரைவரண்ணன் வந்தார். "அம்மா போயிட்டாங்கன்னு சொன்னேன். செத்துட்டாங்கன்னு நான் சொல்லலையே. பாலம்னு சொன்னேனா? லாரின்னு சொன்னேனா? அதெல்லாம் உனக்கு எங்கேர்ந்து வந்துச்சு?"

"அப்ப... அண்ணி எங்க போனாங்க?"

அவனுக்குப் பின்னால் 'க்ளிக்' என்று ஒரு சத்தம்.

திறக்கவே திறக்காத முன்வாசல் கண்ணாடிக் கதவு... உள்ளேயிருந்து... திறந்தது!

சக்கர நாற்காலி ஒன்று உருண்டு வந்தது. அதில் கண்டக்டரம்மா. கையில் பெரிய கட்டு. பக்கத்துக் கம்பியில் சொட்டுச் சொட்டாக சலைன். இமைகள் இன்னும் முழுசாக நிமிரவில்லை. ஆனால் அந்தப் பாதிக் கண்ணில் இருந்த கோபத்துக்கு ஒரு மைதானம் போதாது.

பின்னால் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓர் இளம் பெண், வெள்ளைக் கோட்டில். சம்பளம் மட்டும் கொடுத்து, வேலை கொடுக்காமல் அரசாங்கம் உட்கார வைத்திருந்த அதே டாக்டர்.

நாற்காலியின் கால்தகடு ரிப்பனில் மோதியது. வெயிலில் இற்றுப்போன ரிப்பன். பட்டென்று அறுந்தது.

திறப்பு விழா முடிந்தது. கைதட்டல்கூட இல்லை.

அமைச்சரின் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவியது.

"எங்க போனேன்னா கேட்ட?" கண்டக்டரம்மாவின் குரல் கரகரத்தது. "உனக்குப் பின்னாடிதான்டா இருந்தேன்."

"அண்ணி... இது... இன்னும் திறக்கவே இல்லையே..."

"உன்ன மாதிரி ஆளுக்குத் திறக்கல. முன்வாசலுக்குத்தானே ரிப்பன் கட்டுனீங்க? சமையல்கட்டு வாசலுக்கு எவனும் கட்டலையே!"

ஊர் ஜனம் முதல் முறையாக வாயைத் திறந்தது. சிரித்தது.

விஷயம் இதுதான். பல மாதமாகவே அந்த ஆஸ்பத்திரி நடந்துகொண்டிருந்தது. பின்பக்கம், சமையல்கட்டு வழியாக. காய்ச்சல்காரர்கள் அந்த வழியில் போனார்கள். வயிற்றுப் பிள்ளைக்காரிகள் அந்த வழியில் போய்க் கைக்குழந்தையோடு அந்த வழியிலேயே திரும்பினார்கள். ரிப்பன் வெட்டுவதற்காக வாங்கி வைத்த தங்க முலாம் கத்தரிக்கோல்கூட உள்ளே கட்டுத்துணிதான் வெட்டிக்கொண்டிருந்தது. மேலிடத்துக்குத் தெரிந்தால் டாக்டரைத் தூக்கிவிடுவார்கள் என்று ஊரே வாயைப் பொத்திக்கொண்டது. எந்தக் கட்சிக்காரன் காதுக்கும் போகவில்லை. முக்கியமாக, பி.ஏ. காதுக்குப் போகவில்லை.

"ஏன் உன்கிட்ட மறைச்சேன் தெரியுமா?" என்றார் கண்டக்டரம்மா. "உன்கிட்ட எதைச் சொன்னாலும் பொழுது சாயறதுக்குள்ள பெரிய டாக்டருக்குத் தெரிஞ்சுடுது. உனக்கு வாய் நிக்காதுன்னுதான் நெனச்சேன். வித்துக்கிட்டு இருக்கன்னு எனக்குத் தோணவே இல்லை."

காலையில் காரைத் தெருமுனையில் திருப்பி, சமையல்கட்டு வாசலில் நிறுத்தியிருந்தார் டிரைவரண்ணன். ஃபிரிட்ஜில் விஷமுறிவு மருந்து தயாராக இருந்தது. சபையில் விசில் ஊதி வாங்கிய மருந்து. நாக்கு முழுதாகக் குழறும் முன் கண்டக்டரம்மா டாக்டரிடம் சொன்ன கடைசி வார்த்தை, கொக்கி. டிரைவரண்ணன் அதன் அர்த்தத்தைச் சொல்ல, டாக்டர்தான் இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்தார். மத்தியானம் கண் திறந்ததும் கண்டக்டரம்மா சொன்ன முதல் வார்த்தை வேறு. நான் போய்ச் சேர்ந்துட்டேன்னு சொல்லுங்க, யாரு முதல்ல மைக்கைப் புடிக்கிறான்னு பார்ப்போம்.

"பொய்!" கொழுந்தன் அலறினான். "பாம்பு எப்படி வந்துச்சுன்னு எனக்கு என்ன தெரியும்? லாரிக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லை!"

"அதை அவரே சொல்லட்டும்," என்றார் இன்ஸ்பெக்டர். ஜீப்பைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

லாரிக்காரர் இறங்கினார். காலையிலிருந்து கஷ்டகாலம் என்பதைத் தவிர வேறெதுவும் பேசாதவர். இப்போது அவர் நெற்றி நரம்பு புடைத்திருந்தது.

"என்னைத் தூக்குல போடணுமா? மைக்ல சொல்றியா? குறுக்க நிறுத்து, சக்கரத்தைக் கழட்டு, மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்னு சொன்னது யாருய்யா? பாம்பை டப்பாவுல அடைச்சுக் கொண்டாந்து கொடுன்னது யாரு? நீ சபைக்குப் போக நான் தூக்குல தொங்கணுமா?"

மைதானம் கொதித்தது. முன்வரிசைக் கட்சிக்காரர்கள் மார்பில் அடித்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்கள்.

கண்டக்டரம்மா கையை உயர்த்தினார். ஜனம் அடங்கியது.

"உன் பொண்டாட்டி என் மடியில செத்தாடா," என்றார். இப்போது குரலில் கத்தல் இல்லை. "தண்ணி கேட்டா. குடுக்கறதுக்குள்ள போயிட்டா. அன்னிக்குப் பாலத்துல நின்ன மாட்டு வண்டிக்காரன் தெரியாம நின்னான். காலம் முழுக்க அழுதான். நீ அவ கதையைச் சொல்லியே ஓட்டு கேட்ட. அதே பாலத்தை உன் கையாலயே அடைச்சியே... உனக்கு எப்படிடா மனசு வந்துச்சு?"

அவன் மைக்கைக் கீழே வைத்தான்.

"எதுக்காகடா?"

"சீட்டு," என்றான், தரையைப் பார்த்து. "ஆஸ்பத்திரி திறக்காம இருந்தா உங்க சீட்டு எனக்குன்னு பெரிய டாக்டர் சொன்னாரு. அமைச்சரும்..."

டபடபடபடப...

எல்லோரும் திரும்பினார்கள். பேச்சு அந்த இடத்துக்கு வருவதற்குள் அமைச்சர் மைதானத்தின் மறுகோடியில் இருந்தார்! ஹெலிகாப்டரின் இறக்கை சுழன்றது. மாலை போட்ட படம் காற்றில் குப்புற விழுந்தது. வந்த வேகத்தைவிடப் போன வேகம் அதிகம்.

இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார்.

அவ்வளவுதான்... கொழுந்தன் இடது மார்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே மண்ணில் சரிந்தான்.

"நெஞ்சு... நெஞ்சு வலிக்குது... ஐயோ... என்னைப் பெரிய டாக்டர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க..."

அரசியல்வாதிக்கும் விலங்குக்கும் நடுவில் எப்போதும் ஒரு நெஞ்சு வலி வரும். வந்தால் சிட்டியில் ஏ.சி. அறை. அப்புறம் வக்கீல். அப்புறம் ஜாமீன். எல்லோரும் அந்தப் பாதையில்தான் போகிறார்கள். அவனும் அதைத்தான் நம்பினான்.

இன்ஸ்பெக்டர் தலையைச் சொறிந்தார். "கூட்டிட்டுப் போகலாம் சார். ஆனா பாலத்துல லாரி நிக்குதே. கிரேன் இன்னும் வரலையாம்."

"ஹெலிகாப்டர்ல..."

ஹெலிகாப்டர் மேகத்துக்குள் ஒரு புள்ளியாகிக்கொண்டிருந்தது.

கண்டக்டரம்மா டாக்டரைப் பார்த்தார்.

"உள்ள தூக்கிட்டுப் போங்கம்மா. மெஷினை வைங்க. ஒருவேளை நெஜமாவே வலிச்சாலும் வலிக்கும். ஆஸ்பத்திரின்னா எல்லாருக்கும்தான். இவனுக்கும்தான்."

தூக்கிக்கொண்டு போனார்கள். முன்வாசல் வழியாக! அந்த வாசலில் நுழைந்த முதல் நோயாளி அவன்தான். புதுக் கட்டில், புது விரிப்பு, மார்பில் புது ஈ.சி.ஜி. மெஷினின் குமிழ்கள். மெஷின் கீச் கீச்சென்று தாளைத் துப்பியது. டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சந்தேகத்துக்கு இன்னொரு தடவையும் எடுத்தார்.

வெளியே வந்தார்.

"இதயம் நல்லா வேலை செய்யுதும்மா. ஒரு குறையும் இல்லை."

"அப்படி ஒண்ணு அவன்கிட்ட இருக்கறதே எனக்கு இப்பதான் தெரியும்," என்றார் கண்டக்டரம்மா.

விலங்கு மாட்டிய கையோடு கொழுந்தனை ஜீப்பில் ஏற்றினார்கள். லாரிக்காரர் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார். பார்வை மட்டும் சரியில்லை. பாலம் திறந்ததும் சிட்டிக்குப் போய்ப் பெரிய டாக்டரையும் கூட்டி வந்துவிடுகிறேன் என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

"அண்ணி..." ஜீப்புக்குள்ளிருந்து ஒரு முனகல். "நாம ஒரே குடும்பம் அண்ணி..."

டிரைவரண்ணன் தோல் பையைக் கொண்டுவந்து கண்டக்டரம்மாவின் மடியில் வைத்தார். ஒரு குச்சியை விட்டுக் கிளறி, உதறி, நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் வைத்தார். கொக்கியைக் கத்தரிக்கோலால் வெட்டி எறிந்திருந்தார்.

கண்டக்டரம்மா இடது கையை உள்ளே விட்டார். விசிலை எடுத்தார். நாற்காலியை ஜீப்புக்குப் பக்கத்தில் தள்ளச் சொன்னார்.

ஜீப்பின் தகரத்தில் இரண்டு தட்டு தட்டினார்.

"ஜெயில் ஒண்ணு, ரிட்டர்ன் டிக்கெட் கிடையாது... போலாம், ரைட்!"